பெயர் பெறாத புயல்களுக்கு ஒரு பதிவேடு வேண்டும்: இந்திய வானிலை ஆய்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மதிப்பிற்குரிய தலைமை இயக்குநர் அவர்களுக்கும், வட இந்தியப் பெருங்கடலில் உருவாகும் புயல்களுக்குப் பெயர் அறிவிக்கும் பொறுப்பை ஏற்றுள்ள புது தில்லி மண்டலச் சிறப்பு வானிலை மையத்தின் அறிவியலாளர்களுக்கும், சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தினருக்கும் வணக்கம்.

நான் தூத்துக்குடிக் கடற்கரையை ஒட்டிய ஓர் ஊரில் புவியியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வாரத்தில் வகுப்பில் புயல் பாடத்தை எடுத்துக்கொள்வது என் வழக்கம். பாடப்புத்தகத்தில் அது வேறொரு மாதத்தில் வந்தாலும், மழை சன்னலில் அடித்துக்கொண்டிருக்கும்போது சொல்லிக்கொடுத்தால்தான் பிள்ளைகள் மனத்தில் நிற்கும். பெயர், ஆண்டு, கரை கடந்த இடம் என்று மூன்று பத்திகள் கொண்ட அட்டவணை ஒன்றை நோட்டில் வரையச் சொல்வேன். தானே, வர்தா, ஒக்கி, கஜா என்று பிள்ளைகளே முந்திக்கொண்டு சொல்லுவார்கள். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றிச் சொல்லி முடித்ததும் முதல் வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "அந்தப் புயலுக்குப் பேர் என்ன டீச்சர்?" என்று கேட்டாள். அதற்குப் பெயர் இல்லை என்று சொன்னேன். அவள் முதல் பத்தியில் ஒரு சிறு கோடு போட்டுவிட்டு, ஆண்டையும் இடத்தையும் எழுதினாள்.

அந்தக் கோட்டைப் பற்றித்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

1964 டிசம்பர் 17 அன்று அந்தமான் கடலின் தென்பகுதியில், நிலநடுக்கோட்டுக்கு வெகு அருகில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகத் தோன்றிய அது, மேற்கு நோக்கி நகர்ந்து, வலுப்பெற்று, டிசம்பர் 22 அன்று வட இலங்கையைக் கடந்து, அன்று நள்ளிரவை ஒட்டித் தனுஷ்கோடியை அடைந்தது. இரு நாடுகளிலுமாக ஏறத்தாழ 1,800 பேர் இறந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பாம்பனிலிருந்து புறப்பட்டுத் தனுஷ்கோடி நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்த பயணிகள் ரயில் அலையில் அடித்துச் செல்லப்பட்டதில், பயணிகளும் ரயில் ஊழியர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாம்பன் பாலம் சிதைந்தது. அதை 46 நாள்களில் மீட்டு மறுபடி ரயில் ஓடச் செய்த பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் என்பதைப் பலரும் அறிவார்கள். எழும்பூரிலிருந்து வரும் ரயிலைத் தலைமன்னார் கப்பலோடு இணைத்துக்கொண்டிருந்த ஒரு துறைமுக ஊர், அஞ்சலகமும் சுங்கச் சாவடியும் தேவாலயமும் இருந்த ஓர் ஊர், மக்கள் வாழத் தகுதியற்றது என்று அரசால் அறிவிக்கப்பட்டது.

கடலுக்குள் போன அந்த ரயிலுக்கு 653 என்ற எண் இருந்தது. அதனால் இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் எந்த ரயிலைச் சொல்கிறார்கள் என்பதில் குழப்பம் இல்லை. அதைக் கவிழ்த்த புயலுக்கு அப்படி ஓர் அடையாளம் இல்லை. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இராமேசுவரம் புயல் என்கிறார்கள். எங்கள் பக்கத்தில் தனுஷ்கோடிப் புயல். பாம்பன் முதியவர்களிடம் பேசினால் வெறுமனே '64 புயல்'. கடலுக்கு அந்தப் பக்கம் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அது '64ஆம் ஆண்டுச் சூறாவளி'. ஒரே காற்று, ஒரே இரவு, ஒரே துயரம். ஆனால் மன்னாரில் ஒரு பிள்ளை அதைப் பற்றி எழுதும் கட்டுரையும், இந்தப் பக்கம் மண்டபம் ஊரில் ஒரு பிள்ளை எழுதும் கட்டுரையும் ஒன்றையொன்று கண்டுகொள்ள வழியே இல்லை.

உங்கள் துறையின் நோக்கில் இது சிறிய செய்தியாகப் படலாம். பெயர் வைக்கும் முறை இந்தக் கடலுக்கு வந்ததே 2004இல்தான் என்பதை நான் அறிவேன். உலக வானிலை அமைப்பும் ஆசிய பசிபிக் பகுதிக்கான ஐ.நா. ஆணையமும் இணைந்து நடத்தும் குழு 2000ஆம் ஆண்டில் மஸ்கட்டில் கூடியபோது கொள்கையளவில் ஒப்புக்கொள்ளப்பட்டு, வங்கதேசம், இந்தியா, மாலத்தீவு, மியான்மர், ஓமன், பாகிஸ்தான், இலங்கை, தாய்லாந்து ஆகிய எட்டு நாடுகளும் தலைக்கு எட்டாக 64 பெயர்களைத் தந்து, 2004 அக்டோபரில் அரபிக் கடலில் சுழன்ற 'ஓனில்' முதல் பெயரைப் பெற்றது. 2020 மே மாதத்தில் வந்த 'அம்பன்' அந்தப் பட்டியலின் கடைசிப் பெயர். அதற்குள் நாடுகள் பதின்மூன்றாகி, பெயர்கள் 169 ஆகிவிட்டன. இந்தியா கொடுத்த பெயர்களில் 'முரசு', 'நீர்' என்ற இரண்டும் இருப்பதைச் செய்தித்தாளில் படித்த நாளில், கரும்பலகையில் எழுதி வகுப்பிடம் காட்டி மகிழ்ந்தவள் நான். எட்டு எழுத்துக்கு மிகாமல், யாருடைய மதத்தையும் அரசியலையும் பண்பாட்டையும் புண்படுத்தாமல், ஒருமுறை வைத்த பெயரை மறுமுறை வைக்காமல் எவ்வளவு கவனத்தோடு அந்தப் பட்டியல் செய்யப்பட்டிருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கும்போது மதிப்பே தோன்றுகிறது. வரப்போகும் புயல்களுக்கு இத்தனை கவனம் எடுத்துக்கொண்ட நீங்கள், வந்து போனவற்றுக்கும் அதில் ஒரு பங்கைத் தர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

தவறாக எண்ணிக்கொள்ளக் கூடாது. 1964ஆம் ஆண்டுப் புயலுக்கு இன்று உட்கார்ந்து புதிதாக ஒரு பெயர் சூட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது பொருந்தாது, இறந்தவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் அறுபது ஆண்டுகளாக ஒரு பெயரால் அதை நினைவில் வைத்திருக்கும்போது, பட்டியலிலிருந்து எடுத்த ஒரு சொல்லை அதன்மேல் ஒட்டுவது அவர்களிடமிருந்து அந்த நினைவைப் பறிப்பதாகும். மக்கள் ஏற்கெனவே வைத்த பெயர்களை ஒன்றுதிரட்டி, அவை எந்தப் புயலைக் குறிக்கின்றன என்பதை உங்கள் துறையின் அதிகாரத்தோடு உறுதிசெய்து, எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரு பதிவேட்டில் எழுதி வையுங்கள் என்றே கேட்கிறேன்.

இதற்கான அடித்தளம் உங்களிடமே இருக்கிறது. 1891ஆம் ஆண்டு தொடங்கி இந்தக் கடல்களில் தோன்றிய தாழ்வு மண்டலங்களும் புயல்களும் சென்ற பாதைகள் உங்கள் மின்னணு வரைபடத் தொகுப்பில் உள்ளன. அறிவியலாளர்களுக்கு அது போதும். ஆனால் பாம்பனிலோ நாகையிலோ இருக்கும் ஒருவர் அதைத் திறந்து, தம் தாத்தாவைக் கொண்டுபோன புயல் எந்தக் கோடு என்று கண்டுபிடிக்க முடியாது. அந்த வரைபடத்தில் இருக்கும் கோட்டையும் வீட்டுத் திண்ணையில் சொல்லப்படும் கதையையும் இணைக்கும் கயிறு இல்லை. அந்தக் கயிறுதான் பெயர்.

பெயர் இல்லாததால் நேரும் குழப்பத்துக்கு 1977 நவம்பரை விடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அந்த மாதம் 12ஆம் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே ஒரு கடும் புயல் கரை கடந்தது. தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை வரை மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியது. 560 பேர் இறந்தார்கள். பத்து லட்சம் பேர் வீடிழந்தார்கள். 23,000 கால்நடைகள் மடிந்தன. அந்தப் புயல் தமிழ்நாட்டைக் குறுக்கே கடந்து கேரளக் கரையிலிருந்து அரபிக் கடலில் இறங்கியது. அது நாகையைக் கடந்த ஒரே வாரத்தில், நவம்பர் 19 அன்று, வங்கக் கடலில் எழுந்த மற்றொரு புயல் ஆந்திரக் கரையைத் தாக்கியது. கிருஷ்ணா நதியின் முகத்துவாரத்தில் உள்ள திவிசீமைக்குள் கடல் ஏறத்தாழ ஐந்து மீட்டர் உயரத்துக்கு ஏறி, அரசுக் கணக்குப்படியே சுமார் பத்தாயிரம் பேரைக் கொண்டுபோனது. தெலுங்கு மக்கள் அதைத் திவிசீமை உப்பென என்கிறார்கள். உப்பென என்றால் கடற்பெருக்கு.

இப்போது ஒருவர் '77 புயல்' என்று சொன்னால் அவர் எதைச் சொல்கிறார்? நாகை மாவட்டத்தில் அதற்கு ஒரு பொருள். ஆந்திரத்தின் அவனிகட்டாவில் வேறு பொருள். பத்தாயிரம் பேர் இறந்த பெருந்துயரின் நிழலில் 560 பேர் இறந்த துயரம் மறைந்தே போயிற்று. என் தோழி ஒருத்தியின் குடும்பம் வேதாரண்யம் பக்கத்தைச் சேர்ந்தது. அந்த ஆண்டு வீட்டையும் மாட்டையும் இழந்தவர்கள். அவள் தன் தந்தையின் கதையை எழுத முற்பட்டு, நூலகத்தில் 1977ஆம் ஆண்டுப் புயல் என்று தேடிய ஒவ்வொரு முறையும் அவளுக்குக் கிடைத்தது ஆந்திரத்தின் புயல்தான். தன் தந்தை சொன்ன தேதி தவறோ என்று அவளே ஐயப்படத் தொடங்கிவிட்டாள். தேதி சரியாகவே இருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு புயல்கள் உயிரோடு இருக்கும்போது மக்கள் குழம்பக் கூடாது என்பதுதான் பெயர் சூட்டும் முறைக்கு நீங்கள் எப்போதும் சொல்லும் முதல் காரணம். அந்தக் காரணம், புயல் ஓய்ந்து ஐம்பது ஆண்டுகள் ஆன பின்னும் அப்படியே பொருந்துகிறது.

அடுத்த ஆண்டு, 1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியையும் இங்கே சொல்ல வேண்டும். கிழக்கிலங்கைத் தமிழர்களின் தலைமுறை நினைவில் அதற்கு இணையான காற்று இல்லை. 915 பேர் இறந்தார்கள் என்றும் பத்து லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள் என்றும் பதிவுகள் கூறுகின்றன; தென்னந்தோப்புகள் வரிசை வரிசையாக முறிந்து விழுந்ததை இன்றும் அந்த மக்கள் சொல்வார்கள். அதே புயல் மறுநாள் மாலை மன்னார் வளைகுடாவைத் தாண்டி, கீழக்கரைக்கு அருகே இராமநாதபுரம் மாவட்டத்தில் கரை ஏறியது. எங்கள் பக்கத்தில் குடிசைகள் சேதமடைந்ததோடு அது முடிந்துவிட்டதால், ஏறத்தாழ மறந்தே போனோம். கீழக்கரையில் ஓலைக்கூரையைப் பிய்த்த காற்றும் மட்டக்களப்பில் ஊரையே தரைமட்டமாக்கிய காற்றும் ஒன்றுதான் என்பதை என் மாணவர்கள் கேட்டபோது வியப்படைந்தார்கள். புயலுக்கு எல்லை கிடையாது என்பது உங்கள் குழுவுக்குத் தெரியும். அதனால்தான் பதின்மூன்று நாடுகள் ஒரு பட்டியலைப் பகிர்ந்துகொள்கின்றன. பழைய புயல்களின் பதிவேடும் அந்தக் குழுவின் வழியாகவே செய்யப்பட வேண்டும் என்று நான் விரும்புவதற்கு இதுவே காரணம்.

இடப்பெயரால் புயலைக் குறிப்பது அறிவியலுக்கு ஒவ்வாது என்று சொல்லப்படலாம். அப்படி எனக்குத் தோன்றவில்லை. 1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் குறைந்தது மூன்று லட்சம் மக்களைக் கொன்ற புயலை, போலா என்ற தீவின் பெயராலேயே உலகம் முழுவதும் உள்ள அறிவியலாளர்கள் எழுதுகிறார்கள். அது யாரும் கூட்டம் போட்டு வைத்த பெயர் இல்லை. 2004 மார்ச்சில் பிரேசிலின் தென்கரையை ஒரு புயல் தாக்கியபோது, தென் அட்லாண்டிக்குக்கு அப்போது பெயர்ப் பட்டியலே இல்லாததால், அது கரை கடந்த சாந்தா கத்தரீனா மாநிலத்தை வைத்து மக்களும் வல்லுநர்களும் கத்தரீனா என்றார்கள்; அதுவே நிலைத்தது. நம் கடலிலும் இதற்கு மறுபுறத்து எடுத்துக்காட்டு உண்டு. 1989 நவம்பரில் தாய்லாந்து வளைகுடாவில் பிறந்து, அங்கிருந்தே 'கே' என்ற பெயரைச் சுமந்துகொண்டு வங்கக் கடலுக்கு வந்த ஒரு புயல் நெல்லூர் மாவட்டத்தின் காவலியில் கரை கடந்தது. முறையான பெயர் இருந்தும், இங்குள்ள மக்கள் அதைக் காவலிப் புயல் என்றே சொன்னார்கள். மக்களின் நாக்கு ஊரைத்தான் தேடுகிறது. அந்த நாக்குக்கு மரியாதை கொடுத்து ஒரு பதிவேட்டை அமைத்தால் அது நிற்கும்.

இன்னொன்றையும் உங்கள் நினைவுக்குக் கொண்டுவர விரும்புகிறேன். உங்கள் துறை பிறந்ததற்கே பெயரில்லாத ஒரு புயல் காரணம். 1864இல் கல்கத்தாவைச் சூறையாடிய புயலும், அதைத் தொடர்ந்து 1866இலும் 1871இலும் பருவமழை பொய்த்ததுமே 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை நிறுவப்பட வழிவகுத்தன என்பது நீங்களே எழுதிவைத்திருக்கும் வரலாறு. 'சைக்ளோன்' என்ற சொல்லை உருவாக்கிய ஹென்றி பிடிங்டனும் கல்கத்தாவில் இருந்துகொண்டு, இந்தக் கடல்களின் பெயரற்ற புயல்களைக் கப்பல்களின் நாட்குறிப்புகளிலிருந்து ஒவ்வொன்றாகத் திரட்டி ஆராய்ந்தவர்தான். நான் கேட்பது அந்த மரபின் தொடர்ச்சி.

இதுவரை சொன்னவை பெயர் சூட்டும் முறை வருவதற்கு முந்தியவை. முறை வந்த பின்பும் பெயர் பெறாமல் போகின்றவை உண்டு. எனக்கு அவற்றைப் பற்றியே கூடுதல் கவலை.

காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் ஒரு சுழற்சி புயல் என்று அழைக்கப்பட்டுப் பெயர் பெறும். அதற்குக் கீழே இருப்பவை தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம் என்ற படிகளில் நின்றுவிடுகின்றன. இந்த அளவுகோல் காற்றை மட்டும் அளக்கிறது. ஆனால் எங்கள் கரையில் அண்மைக் காலத்தில் மக்களைக் கொன்றது பெரும்பாலும் தண்ணீர். பழந்தமிழில் 'புயல்' என்ற சொல்லுக்கே மேகம், மழை என்றுதான் பொருள். பெருங்காற்றைக் குறிக்க அது பிற்காலத்தில் வந்தது. வானிலைத் துறையின் வரையறையில் புயலாக இல்லாத பல, எங்கள் முன்னோர் சொன்ன பொருளில் முழுமையான புயல்களாக இருந்திருக்கின்றன.

2015 நவம்பர் 9 அன்று புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தது ஓர் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். அது புயலாகவில்லை, ஆகவே பெயரில்லை; நெய்வேலியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை பெய்து, கடலூர் மாவட்டம் மூழ்கியது. டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் கொட்டியபோதும் கடலில் பெயர் பெற்ற எந்தப் புயலும் இல்லை. அந்தப் பருவத்தில் தமிழ்நாட்டில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பர் 12 அன்று வர்தா வந்தது. இன்று சென்னைப் பிள்ளைகளிடம் கேட்டால் வர்தா என்ற பெயர் உடனே வருகிறது. 2015ஐ 'சென்னை வெள்ளம்' என்கிறார்கள், கடலில் இருந்து வந்த ஒன்று என்பதாகவே யாரும் நினைப்பதில்லை. ஆற்றின் மீதும் ஏரியின் மீதும் பேச்சு போய்விடுகிறது. அவற்றைப் பற்றிப் பேச வேண்டியது உண்மைதான். ஆனால் வானத்திலும் கடலிலும் நடந்தது என்ன என்பது பொது நினைவிலிருந்து கழன்றுபோனது.

என் சொந்த மாவட்டத்தில் நடந்ததும் இதுவே. 1992 நவம்பர் 13 பிற்பகலில் தூத்துக்குடிக்கு அருகே ஒரு கடும் புயல் கரை கடந்தது. 170க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், 160 பேரைக் காணவில்லை. மலையில் கொட்டிய மழை தாமிரபரணியில் இறங்கியது. எங்களுக்கு அது '92 வெள்ளம்'. நானே பல ஆண்டுகள் அதை வெள்ளம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்; புவியியல் படித்துக் கற்பிக்கத் தொடங்கிய பின்பே அந்த வெள்ளத்துக்குப் பின்னால் இருந்த புயலை வரைபடத்தில் பார்த்தேன். பெயர் இல்லாததால் புயல் மறைந்து, ஆறு மட்டும் நினைவில் நின்றது.

பிறகு 2023 டிசம்பர். அந்த மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை நனைத்துவிட்டு, 5ஆம் தேதி ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரை கடந்தது. எங்கள் ஊரில் எல்லோரும் தொலைக்காட்சியில் அந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது என்று பேசிக்கொண்டிருந்தோம். பெயர் இருந்ததால் நாடே அதைக் கவனித்தது. இரண்டு வாரம் கழித்து, 17, 18 ஆகிய தேதிகளில் குமரிக்கடல் பகுதியில் ஒரு வளிமண்டலக் கீழடுக்குச் சுழற்சி நிலைகொண்டது. தாழ்வு மண்டலம் என்ற படியைக்கூட அது எட்டவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. பல இடங்களில் ஓராண்டுக்குப் பெய்ய வேண்டியது ஒரு பகலிலும் இரவிலும் பெய்து முடிந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தின் நடுவே நின்று, நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட இரவில், 59 ஆண்டுகளுக்கு முன் இதே டிசம்பரில் இதே கடலோரத்தில் சிக்கிய மற்றொரு ரயில் எனக்கு நினைவுக்கு வந்ததை என்னால் தடுக்க முடியவில்லை. இந்த முறை பயணிகள் மீட்கப்பட்டார்கள். அதற்காக இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

அன்று மாலை எங்கள் தெருவில் ஒரு முதியவரை, பள்ளிக்கூட மாடிக்கு வந்துவிடுங்கள் என்று அழைத்தேன். "புயல் இல்லைன்னு தானே சொல்லுதாங்க, வெறும் மழைதானேம்மா" என்று அவர் தயங்கினார். அவர் அறியாமையால் அப்படிச் சொல்லவில்லை. எச்சரிக்கையைக் கேட்டுப் பழகிய மனிதர் அவர். பெயரும் கூண்டு எண்ணும் வந்தால் எழுந்திருக்க வேண்டும் என்று நாம்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தோம். அன்று எழுந்திருப்பதற்கு ஒரு பெயரும் இல்லை.

ஒக்கியிலும் இதன் வேறொரு வடிவத்தைப் பார்த்தோம். 2017 நவம்பர் 30 காலையில்தான் அந்தத் தாழ்வு மண்டலம் புயலாகிப் பெயர் பெற்றது. குமரி மாவட்டத்தின் ஆழ்கடல் மீனவர்கள் அதற்குப் பல நாள் முன்பே கடலுக்குச் சென்றிருந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் கரை திரும்பவில்லை. யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பெயருக்கு முன்னிருக்கும் நாள்களில், பெயர் இல்லாத நிலையிலேயே, ஆபத்து தொடங்கிவிடுகிறது என்பதையே சொல்கிறேன்.

எல்லாத் தாழ்வு மண்டலங்களுக்கும் பெயர் வைத்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிக் கேட்க மாட்டேன். ஆண்டுக்குப் பலமுறை, எந்தச் சேதமும் செய்யாமல் கரையும் சுழற்சிகளுக்கெல்லாம் பெயர் வைத்தால், பெயரைக் கேட்டதும் மீனவர்கள் வலையைச் சுருட்டும் அந்த மதிப்பு போய்விடும். அந்த மதிப்பைச் சம்பாதிக்க இருபது ஆண்டுகள் ஆயிற்று. அதைக் குலைக்கக் கூடாது. ஆனால் தாழ்வு மண்டலங்களுக்கு உங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே கடற்பகுதியையும் வரிசை எண்ணையும் சேர்த்த ஒரு குறியீடு இருக்கிறது. அது அறிக்கைகளுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. 'இந்த ஆண்டின் வங்கக் கடல் மூன்றாம் தாழ்வு மண்டலம்' என்று அதைத் தமிழில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சொன்னால் என்ன? கூண்டு எண்ணைப் புரிந்துகொண்ட கடற்கரை மக்கள் இந்த எண்ணையும் புரிந்துகொள்வார்கள்.

அதோடு, பருவம் முடிந்தபின் நீங்கள் வெளியிடும் ஆய்வறிக்கையில், பெயர் பெறாமலேயே பெருஞ்சேதம் விளைவித்தவற்றை அடையாளம் கண்டு, பாதிக்கப்பட்ட ஊரின் பெயராலேயே பதிவேட்டில் சேர்த்துவிடுங்கள். காயல்பட்டினப் பெருமழை, 2023 டிசம்பர் என்று அதிகாரப்பூர்வமாக ஒரு வரி இருந்தால், முப்பது ஆண்டு கழித்து இங்கு வரும் ஒரு மாவட்ட ஆட்சியர், இந்தக் கரையில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்திருக்கிறது என்பதைத் தேடாமலேயே தெரிந்துகொள்வார். பாலம் கட்டுகிறவருக்கும், மதகின் அகலத்தைக் கணக்கிடுகிறவருக்கும் அது தேவைப்படும்.

பதிவேட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை உங்களைவிட நான் அறிந்தவள் இல்லை. ஒரு பயனாளி என்ற முறையில் சொல்கிறேன்: தோன்றிய நாள், கரை கடந்த நாளும் இடமும், காற்றின் வேகம், கடல் ஏறிய உயரம், மழை, உயிரிழப்பு ஆகியவற்றோடு, ஒவ்வொரு கரையிலும் மக்கள் அதை அழைக்கும் பெயர்கள் அனைத்தும் அந்தந்த மொழியில் இருக்க வேண்டும். ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றைத் தள்ள வேண்டியதில்லை. தனுஷ்கோடிப் புயல் என்று தேடினாலும், இராமேசுவரம் புயல் என்று தேடினாலும், 64 சூறாவளி என்று தேடினாலும் ஒரே பக்கம் திறந்தால் போதும். உயிரிழப்புக் கணக்குகள் ஒன்றுக்கொன்று முரண்படும் இடங்களில் அந்த முரண்பாட்டையும் அப்படியே எழுதுங்கள். தனுஷ்கோடியில் கடல் ஏழு மீட்டர் எழுந்தது என்று பல பதிவுகள் கூறுகின்றன. அதைவிடக் குறைந்த அளவுகளும் சொல்லப்படுகின்றன. எது அளந்த எண், எது பார்த்தவர் சொன்ன எண் என்று பிரித்துக் காட்ட உங்களால் மட்டுமே முடியும். இன்று அந்த இடத்தை வணிகத் தளங்களும் சுற்றுலா வழிகாட்டிகளும் நிரப்புகின்றன. அவர்கள் கணக்கில் ஒவ்வோர் ஆண்டும் அலையின் உயரம் கூடிக்கொண்டே போகிறது.

காலம் அதிகம் இல்லை என்பதையும் பணிவோடு சொல்ல விரும்புகிறேன். 1964இல் பத்து வயதாக இருந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டார்கள். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் அந்த இரவை உயிரோடு கடந்தவர்கள் ஒவ்வோர் ஆண்டும் குறைந்துகொண்டு வருகிறார்கள். காற்று முதலில் எந்தத் திசையிலிருந்து அடித்தது, வடக்கிலிருந்து வீசிய வாடை எப்போது கிழக்கிலிருந்து வீசும் கொண்டலாகத் திரும்பியது, நடுவில் எவ்வளவு நேரம் அமைதியாக இருந்தது, தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து ஏறியது என்பதையெல்லாம் மிகத் துல்லியமாகச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். ஏனென்றால் கடற்காற்றை வைத்துப் பிழைத்தவர்கள். புயலின் கண் எந்த வழியாகச் சென்றது என்பதை இந்தச் சாட்சியங்களிலிருந்து உங்கள் அறிவியலாளர்கள் ஓரளவு மீட்டெடுக்க முடியும்.

நான் ஓய்வுபெற்ற பின் என் பழைய மாணவர்கள் சிலரோடு சேர்ந்து இத்தகைய முதியவர்களைச் சந்தித்து, அவர்கள் சொன்னதைத் தேதியோடும் ஊரோடும் எழுதிவைத்து வருகிறேன். இதுவரை நாற்பத்தொரு பேரின் சொற்கள் நான்கு நோட்டுகளில் உள்ளன. பதிவேட்டைத் தொடங்க நீங்கள் முடிவு செய்தால், முதல் பதிவாக 1964ஆம் ஆண்டுப் புயலை எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டுகளை நானே சென்னை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து ஒப்படைக்கிறேன். யார் இந்த மக்களைப் போய்ப் பார்க்க வந்தாலும், பாம்பன் பேருந்து நிலையத்திலிருந்து அழைத்துச் செல்ல நான் ஆயத்தமாக இருக்கிறேன். டிசம்பர் 22க்கு முந்தைய வாரம் வந்தால் நல்லது. அந்த நாள்களில் அவர்கள் பெரும்பாலும் வீட்டை விட்டு வெளியே செல்வதில்லை.

மிகுந்த மதிப்புடன்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை ஒருவர்,
தூத்துக்குடி மாவட்டம்.